நீர்க்கோடும் பெயர்ப்பட்டியலும்

மும்பையின் தாராவியில் வெள்ளம் வடிந்த மறுநாள் ஒவ்வொரு கோலியின் (ஒற்றை அறை வீட்டின்) சுவரிலும் ஒரு பழுப்புக் கோடு தெரியும். சேறும் எண்ணெயும் சாக்கடையும் கலந்து நின்ற மட்டத்தின் தடம் அது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் போயிற்று என்று அர்த்தம்: அரிசி டப்பா, பாய், தையல் மெஷினின் மோட்டார், பிள்ளைகளின் புத்தகப் பை, கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் இருந்த ரேஷன் கார்டு. பஞ்சநாமா எனும் சேத அறிக்கையை எழுத ஆள் வந்தால் வீட்டுக்காரர்கள் முதலில் காட்டுவது அந்தக் கோட்டைத்தான். கோடு ஆழத்தைச் சொல்லும். தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது என்று சொல்லாது. அரசாங்க விதியோ நேரத்தைத்தான் கேட்கிறது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் வகுத்துத் தருகிறது. 2022 முதல் 2026 வரையிலான விதிப்படி, ஒரு குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டங்களுக்கு 2,500 ரூபாய். ஆனால் வீடு அடித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும், அல்லது முழுதாக இடிந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக மூழ்கிக் கிடந்திருக்க வேண்டும். ஆற்று வெள்ளம் வயலையும் ஊரையும் வாரக்கணக்கில் சூழ்ந்து நிற்கும் மாநிலங்களை மனத்தில் வைத்து எழுதிய வரி இது. மும்பை வெள்ளத்தின் குணம் வேறு. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது மழை கொட்டினால் மித்தி ஆறும் நாலாக்கள் எனும் பெரிய வடிகால்களும் வாய் அடைபட்டு ஊருக்குள் திரும்பும். இறக்கம் வந்ததும் வடியத் தொடங்கும். கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் காலையில் முழங்காலளவு நின்ற தண்ணீர் பெரும்பாலும் இரவுக்குள் வடிந்துவிடும். மாட்டுங்காவில் தரைத்தளக் கடைக்காரர் சரக்கை இழக்க அந்தச் சில மணி நேரமே போதும். விதியின் கணக்கில் அது வெள்ளமே இல்லை.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். பிற்பகலில் 4.48 மீட்டர் உயரத்துக்குக் கடல் ஏற்றம். மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்படி கட்டிய பழைய வடிகால்கள் அந்தத் தண்ணீரை எங்கே கொண்டுபோகும்? நானூற்றுக்கு மேற்பட்டோர் நகரில் மாண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கான தூண்டுதல் 2004 ஆழிப்பேரலை என்றாலும், மும்பை வெள்ளம் அப்போது யாருடைய நினைவிலிருந்தும் போயிருக்கவில்லை. இன்று நிவாரணப் பணம் பாயும் கால்வாய் பெரும்பாலும் அந்தச் சட்டம் வெட்டியதுதான்.

கஜானாவில் பணம் இல்லையா?

நிவாரணம் தாமதமானால் நாம் முதலில் பழி சொல்வது கஜானாவை. கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 15ஆவது நிதிக்குழு 2021–26க்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதிகளுக்காக மட்டும் 1,28,122 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெரும்பாலான மாநிலங்களுக்கு இதில் 75 விழுக்காடு மத்திய அரசின் பங்கு. ஆண்டுக்கு இரு தவணையாக வரும். பேரிடர் வந்த பிறகு கேட்டுப் பெறும் பணம் வேறு. இது முன்கூட்டியே வந்து காத்திருக்கும் பணம். 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் மாநில நிவாரண நிதியில் எவ்வளவு இருக்கிறது, அதில் உடனே செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்று குடைந்து குடைந்து கேட்டது. கணக்கில் நூற்றுக்கணக்கான கோடி இருந்தது. எது கைக்காசு, எது ஏற்கெனவே வாக்களித்த காசு என்பதைத்தான் தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் பணம் எங்கே நிற்கிறது? யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல் முடியாததால் நிற்கிறது. விபத்தில் உயிர் போனால் உதவித்தொகை ஓரளவு சீக்கிரம் வந்துவிடும். 2021 ஜூலை 18 அதிகாலை செம்பூர் மாகுல் பகுதியின் பாரத் நகரில் மண் சரிந்து சுவர் விழுந்து 19 பேர் இறந்தபோது, மாநில அரசின் 5 லட்சமும் பிரதமர் நிவாரண நிதியின் 2 லட்சமும் அன்றே அறிவிக்கப்பட்டன. இறந்தவருக்குப் பெயர் இருக்கிறது, பிணக்கூறாய்வு அறிக்கை இருக்கிறது, எண்ணிக்கை சிறியது. பாயும் பாத்திரமும் இழந்த பல்லாயிரம் வீடுகளுக்கு அப்படி ஓர் ஆவணம் தானாக உருவாவதில்லை. ஒருவர் நடந்து போய் எழுத வேண்டும். அவர் எழுதும் வரை அந்த வீடு வெள்ளத்தில் இல்லை.

எழுதுவதில் உள்ள சிக்கல்

தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம். செம்பூர் மும்பை புறநகர் மாவட்டம். ஓர் ஆட்சியர் ஃபோர்ட் பகுதியில் பழைய கஸ்டம் ஹவுஸில், மற்றவர் பாந்த்ரா கிழக்கில். நாலாவைப் பார்ப்பதும் தண்ணீரை இறைப்பதும் மாநகராட்சி. பஞ்சநாமா வருவாய்த் துறையின் வேலை. சயானில் ஒரு தெருவைத் தாண்டினால் வார்டு மாறும், சில இடங்களில் மாவட்டமே மாறும். தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது.

அடுத்த சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. தாராவியில் ஒரே கோலியின் கீழே ஒரு குடும்பம், ஏணி வைத்த மாடியில் இன்னொரு குடும்பம், சில இடங்களில் பகலில் பட்டறை, இரவில் அங்கேயே வேலையாட்கள் படுக்கை. குடிசைக்கு அரசு தரும் அடையாளச் சான்றான ஃபோட்டோ பாஸ் வீட்டுக்காரர் பெயரில். மின் மீட்டர் அவர் பெயரில். வாடகைக்கு இருப்பவரிடம் இருப்பது ஆதார் அட்டை. அதிலும் திருநெல்வேலி முகவரி. கீழ்த்தளத்தில் பட்டறை நடத்தும் வாடகைதாரரின் மெஷின் நனைந்து போனால் பட்டியலில் யார் பெயர் ஏறும்? ஆவணத்தைப் பார்த்து எழுதினால் வீட்டுக்காரர் பெயர். அவர் வேறு வார்டில் குடியிருக்கலாம். நிவாரண விதிகள் கைவினைஞரின் கருவிக்கு 5,000 ரூபாய் வரை ஒதுக்குகின்றன என்பது உண்மை. தோல் பையைத் தைப்பவரும் பாவ் ரொட்டிக்கு மாவு பிசைபவரும் கைவினைஞர் ஆவாரா என்பதைப் பஞ்சநாமா எழுதுபவர் அந்த வாசலில் நின்றபடியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மும்பைத் தமிழருக்குக் கூடுதலாக உள்ள இன்னொரு இடர் பெயர். நமக்கு முன்னெழுத்துதான், குடும்பப்பெயர் கிடையாது. மகாராஷ்டிரப் படிவம் மூன்று கட்டங்களைக் கேட்கும்: தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப்பெயர். மு. செல்வி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டில் அவர் ‘செல்வி முருகன்’. ஆதாரில் ‘செல்வி எம்’. திருமணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கில் கணவர் பெயரைச் சேர்த்து ‘செல்வி பாண்டியன்’. மூன்றும் ஒரே ஆள் என்று தெருவுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. ஆதார் வழிப் பணம் போய்ச் சேரும் கணக்கு எது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை: கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ, தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பதிவில் அதுவே நிற்கும். எரிவாயு மானியத்துக்காக ஊரில் எப்போதோ திறந்து மறந்த கணக்குக்குப் பணம் போய்விட்டு, தாராவியில் இருப்பவர் ‘வரவில்லை’ என்று வரிசையில் நிற்பார். அதிகாரியின் திரையிலோ ‘செலுத்தப்பட்டது’ என்று இருக்கும். இரண்டும் உண்மை.

கோவிட் சொன்ன பாடம்

வேகத்துக்கும் கண்காணிப்புக்கும் இடையிலான இழுபறியை அண்மைக்காலத்தில் மிகத் தெளிவாகக் காட்டியது வெள்ளமல்ல, கோவிட். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி உயிரிழப்புக்கு உதவித்தொகை தர வழிகாட்டு நெறி வகுத்தே ஆக வேண்டும் என்று கௌரவ் குமார் பன்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் செப்டம்பரில் 50,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து, ஆதார் இணைந்த கணக்குக்கு, விண்ணப்பித்த 30 நாளுக்குள். பரிசோதனையில் தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்திருந்தால், மருத்துவமனைக்கு வெளியே இறந்திருந்தாலும், அதைக் கோவிட் மரணமாகக் கொள்ளலாம் என்று சுகாதார அமைச்சகம் ஏற்கெனவே தளர்த்தியிருந்தது.

நெறி நன்றாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, ஒரு லட்சத்துக்கு மேல் கோவிட் மரணங்கள் பதிவான மகாராஷ்டிரத்தில் 37,000 விண்ணப்பங்களே வந்திருந்தன. ஒருவருக்குக்கூடப் பணம் போகவில்லை. நீதிபதிகள் எம்.ஆர். ஷாவும் பி.வி. நாகரத்னாவும் கடுமையாகச் சாடினார்கள். அதன் பிறகு மாநிலம் ஓடத் தொடங்கியது. 2022 ஜனவரிக்குள் மகாராஷ்டிரத்தில் விண்ணப்பங்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. அரசுப் பதிவில் இருந்த மரணங்கள் 1.41 லட்சம். குஜராத்தில் வேறுபாடு இன்னும் பெரிது: பதிவான மரணம் 10,094, வந்த விண்ணப்பம் 89,633.

இந்த வேறுபாட்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். பொய் விண்ணப்பங்கள் குவிந்தன என்பது ஒன்று. அரசு முன்பு எண்ணாமல் விட்ட மரணங்களைப் பணம் எண்ண வைத்தது என்பது இன்னொன்று. நீதிமன்றம் இரண்டுக்கும் இடம் விட்டது. சின்னச் சின்ன நுட்பக் காரணங்களுக்காக விண்ணப்பத்தைத் தள்ளாதீர்கள் என்றது. 2001 குஜராத் நிலநடுக்கத்தின்போது செய்தது போல, சட்டப் பணிகள் ஆணைக்குழு வீடு தேடிப் போய் விண்ணப்பிக்காதவர்களைக் கண்டுபிடிக்கட்டும் என்றது. பிறகு, 2022 மார்ச் 24 அன்று, விண்ணப்பத்துக்கு 60 நாள் கெடு வைத்து, எண்ணிக்கை அதிகம் முரண்பட்ட மகாராஷ்டிரம், குஜராத், கேரளம், ஆந்திரம் ஆகிய நான்கு மாநிலங்களில் 5 விழுக்காடு விண்ணப்பங்களை மாதிரியாக எடுத்துச் சோதிக்க மத்திய அரசுக்கு அனுமதி தந்தது. பொய் சொன்னவர்களைப் பேரிடர் சட்டத்தின் 52ஆவது பிரிவு பார்த்துக்கொள்ளும்: இரண்டு ஆண்டு வரை சிறை.

நூறு பேரையும் வாசலில் நிறுத்தி ஐந்து பொய்யரைத் தேடுவது நம் அலுவலகங்களின் பழைய வழக்கம். நூறு பேருக்கும் கொடுத்துவிட்டு, அதில் ஐந்து பேரின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இந்த உத்தரவு காட்டிய வழி. சோதனை உண்டு என்று தெரிந்தாலே பொய் குறையும். உண்மையானவர் காத்திருக்கவும் வேண்டாம். இந்த வரிசைமாற்றம் கோவிட்டோடு முடிந்துவிட்டது என்பதுதான் வருத்தம். வெள்ளத்துக்கு அது இன்னும் வரவில்லை.

ரொக்கமா, வங்கியா?

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென் தமிழகத்தில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். சாந்தாகுரூஸின் 2005 கணக்குக்கு நிகர். தாராவியில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு அது செய்தி மட்டுமல்ல, ஊரில் தனியாக இருந்த அம்மா எடுக்காத தொலைபேசியும்கூட. சென்னையில் மிக்ஜாம் புயலுக்கும் பிறகு நெல்லை, தூத்துக்குடியிலும் தமிழக அரசு 6,000 ரூபாயை வங்கிக்கு அனுப்பாமல் ரேஷன் கடையில் டோக்கன் வைத்து ரொக்கமாகக் கொடுத்தது. வங்கியில் போட வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நீதிமன்றம் ரொக்கத்தைத் தடுக்கவில்லை.

ரொக்கம் ஊழலுக்கு வழி என்பது பொதுவான அச்சம். ஆனால் ரேஷன் கடையில் ஒரு கண்காணிப்பு தானாகவே இருக்கிறது: கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள், பக்கத்தில் நிற்பவருக்கு யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று தெரியும். வங்கியில் அந்தக் கண் இல்லை. 2024இல் வயநாட்டில் நிலச்சரிவில் தப்பியவர்களுக்கு அரசு போட்ட 10,000 ரூபாயிலிருந்து வங்கி பழைய கடன் தவணையைப் பிடித்துக்கொண்ட சம்பவம் கேரளத்தையே கொதிக்க வைத்தது. கணினி யாரையும் கேட்காமல் செய்த வேலை அது. அதே சமயம் ரேஷன் கார்டு இல்லாதவர், கார்டு வேறு ஊரில் இருப்பவர் ரொக்க வரிசையிலும் இல்லை. மும்பையின் புலம்பெயர்ந்த தொழிலாளருக்கு இதுதான் நிலை. ஆகவே ஒற்றை வழி போதாது. முதல் சிறுதொகை ரேஷன் கடை வழியாகவும், பெரிய தொகை வங்கி வழியாகவும் போவது நடைமுறைக்கு ஒத்து வரும்.

கண்காணிப்பு எங்கே வேண்டும்

பேரிடர் சட்டத்தின் 50ஆவது பிரிவை அதிகம் பேர் படித்திருக்க மாட்டார்கள். அவசரக் கொள்முதலுக்கு டெண்டர் வேண்டாம் என்கிறது அது. பொருள் பயன்பட்டது என்று அதிகாரம் பெற்ற அலுவலர் தரும் சான்றே கணக்குக்குப் போதுமான ரசீது என்றும் சொல்கிறது. வேகத்துக்காகச் சட்டமே தந்த விடுதலை இது. இந்த விடுதலையைச் சமன்செய்ய 53ஆவது பிரிவு நிதியை அபகரிப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் யார் பார்ப்பது? தணிக்கை வரும், ஆனால் தாமதமாக வரும். 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018இல்.

நேரடி வங்கிப் பரிமாற்றம் ஊழலை ஒழித்துவிடும் என்று நம்பினோம். வழியில் நடந்த திருட்டை அது வெகுவாகக் குறைத்தது. திருட்டு பட்டியலுக்கு இடம்பெயர்ந்தது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் பயிரிழப்பு நிவாரணப் பட்டியலில் தகுதியற்ற பெயர்களைச் சேர்த்துக் கோடிக்கணக்கான ரூபாய் எடுக்கப்பட்டது 2025இல் வெளியே வந்து, வருவாய்த் துறை ஊழியர்கள் பலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒவ்வொரு ரூபாயும் முறைப்படி ஒரு வங்கிக் கணக்குக்குத்தான் போயிருந்தது. அந்தப் பட்டியலைக் கிராமத்துச் சாவடியில் ஒரு வாரம் ஒட்டியிருந்தால், இந்தப் பெயர்க்காரருக்கு நம் ஊரில் ஏது நிலம் என்று டீக்கடையிலேயே கேட்டிருப்பார்கள்.

மழைக்கு முன் எழுதுவது

வெளியே பார்த்தால் இரண்டு முன்மாதிரிகள் உதவும். 2010 வெள்ளத்துக்குப் பிறகு பாகிஸ்தான், பாதிக்கப்பட்ட பகுதி என்று அறிவித்த இடத்தில் தேசிய அடையாள அட்டை முகவரி உள்ள குடும்பங்களுக்கெல்லாம் ‘வதன் கார்டு’ வழியாக 20,000 பாகிஸ்தான் ரூபாய் முதல் தவணை கொடுத்தது. வீடு வீடாகச் சேதம் அளக்கவில்லை. அதனால் வேகம் வந்தது. அட்டையில் வேறு முகவரி இருந்தவர்கள் விடுபட்டார்கள். அதைச் சரிசெய்ய முறையீட்டு மையங்கள் தேவைப்பட்டன. 2020 ஜூலையில் பங்களாதேஷில் உலக உணவுத் திட்டம் இன்னும் ஒரு படி முன்னே போனது: ஆற்று வெள்ள முன்னறிவிப்பு குறித்த அளவைத் தொட்டதும், வெள்ளம் உச்சத்துக்கு வருமுன்பே, குடும்பத்துக்கு 4,500 டாக்கா கைப்பேசிக் கணக்குக்குப் போயிற்று. அந்தப் பணத்தில் ஆட்டை மேட்டுக்கு ஏற்றலாம், அரிசி வாங்கி வைக்கலாம். பெயர்கள் முன்பே கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

மும்பைக்கு இரண்டும் பொருந்தும். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்பது இங்கே இரகசியமில்லை. மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் அந்த இடங்களைப் பட்டியலிட்டு மோட்டார் வைக்கிறது. நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன. கடல் ஏற்ற அட்டவணை ஆண்டு முழுதுக்கும் முன்பே தெரியும். இத்தனை மழை, இந்த ஏற்றம் என்றால் இந்தத் தெருக்களில் முதல் தவணை பஞ்சநாமா இல்லாமலே போகும் என்று விதி எழுதலாம். இரண்டு நாள் என்ற நிபந்தனையை, தண்ணீர் நின்ற உயரம் என்று மாற்றலாம். சுவர்க்கோடு அப்போது சாட்சியாகும். மத்திய விதி மாறும் வரை மாநிலம் காத்திருக்க வேண்டியதில்லை. கொங்கண் வெள்ளத்துக்குப் பிறகு 2021இல் மகாராஷ்டிரம் குடும்பத்துக்கு 10,000 ரூபாயும், சிறு கடைக்காரருக்கு 50,000 ரூபாய் வரையும் தானே அறிவித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு சாங்லி, கோலாப்பூர் வெள்ளத்தில் இலவச அரிசி கோதுமைக்கே ‘இரண்டு நாள் மூழ்கியிருக்க வேண்டும்’ என்ற அரசாணை வந்து ஊர் சிரித்ததையும் அது மறந்திருக்காது.

பெயர் எழுதுவதற்கு வருவாய்த் துறையை மட்டும் நம்ப வேண்டாம். குடும்பம் குடும்பமாக வீட்டுக்குள் போய் வருபவர்கள் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆரோக்கிய சேவிகாக்களும். மாடியில் யார் வாடகைக்கு இருக்கிறார், அவர் ஆதாரில் எப்படி எழுதியிருக்கிறது, எந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறது என்பதை அவர்களால் ஏப்ரலில் கேட்டு எழுத முடியும். குடியிருப்பவர் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும். பட்டியலை மராட்டியிலும் இந்தியிலும், தாராவி, சீட்டா கேம்ப் போன்ற இடங்களில் தமிழிலும் சால் (வரிசைக் குடியிருப்பு) வாசலில் ஒட்டட்டும். விடுபட்டவர் சொல்ல ஒரு வாரம், பொய்யைக் காட்டிக்கொடுக்க அதே ஒரு வாரம். பணம் போன பிறகு நூற்றுக்கு ஐந்து வீட்டைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பார்க்கட்டும்.

2025இல் திருத்தப்பட்ட பேரிடர் சட்டம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெருநகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்கிறது. நாலாவும் பஞ்சநாமாவும் ஒரே மேசைக்கு வர அது ஒரு வாய்ப்பு. மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. நாலாக்களைத் தூர்வாரி முடிக்க மாநகராட்சி ஆண்டுதோறும் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் கெடு மே 31. பெயர்ப்பட்டியலுக்கும் அதே கெடுவை வைக்கலாம்.